140 வருஷம் பழசுன்னா ரேரா? அமெரிக்க தங்கக்காசு சேக்கறவங்களுக்கு கொஞ்சம் நீளமான பதில்

கேள்வி இதுதான். அமெரிக்காவுல இருக்கற ஒருத்தர் ஒரு காசுக்கடைல 1881னு போட்ட 5 டாலர் தங்கக்காசு பாத்திருக்கார், கடைக்காரர் "140 வருஷம் பழசு சார், ரொம்ப ரேர்"னு சொல்லி தங்க விலைக்கு மேல நல்லா ஏத்தி கேக்கறாராம். வாங்கலாமா, இந்த மாதிரி 19ஆம் நூற்றாண்டு காசு சேக்கணும்னா எங்க ஆரம்பிக்கறதுன்னு கேட்டிருக்கார். நான் இதுல ரொம்ப வருஷமா இருக்கேன், ரெண்டு மூணு தடவ கையையும் சுட்டுக்கிட்டவன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

மொதல்ல அந்த 1881. ஃபிலடெல்ஃபியா மின்ட்ல (அரசாங்கம் காசு அடிக்கற எடம்) மட்டும் அந்த வருஷம் 57 லட்சம் காசு அடிச்சாங்க. அதே ஊரு, அதே டிசைன், ஆறு வருஷம் முன்னாடி 1875ல புழக்கத்துக்குன்னு அடிச்சது வெறும் 200. ரெண்டையும் பக்கத்துல வச்சா வருஷத்த தவிர வித்தியாசம் தெரியாது, அதே லிபர்ட்டி (சுதந்திர தேவி) தலை, அதே கழுகு. ஒன்னு தங்க விலைய ஒட்டி போகும், இன்னொன்னுக்கு வீடே வாங்கலாம். வயசு ஒரு பொருட்டே இல்லங்கறது இதுலயே தெரிஞ்சிடும்.

சரி அப்ப எத்தனை அடிச்சாங்கன்னு பாத்தா போதுமான்னு கேப்பீங்க. அதுவும் பத்தாது, அங்கதான் நெறைய பேர் ஏமாந்து போறாங்க. 1822ல அடிச்ச 5 டாலர் காசு 17,796. இன்னைக்கு உலகத்துல இருக்கறதா தெரிஞ்சது மூணே மூணு. அதுல ரெண்டு வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு, அது வெளிய வரப்போறதில்ல, தனி ஆள் கைல இருக்கறது ஒன்னு. அது 1982ல ஏலத்துல 6,87,500 டாலருக்கு போச்சு, திரும்ப 2021ல வந்தப்ப 84 லட்சம் டாலர். 200 அடிச்ச 1875ல கூட அத விட அதிகமா மிஞ்சி இருக்கு. அப்ப மீதி 17,000 சொச்சம் எங்க போச்சு? உருகிப் போச்சு. எத்தனை அடிச்சாங்கங்கறத விட எத்தனை உருகாம தப்பிச்சதுங்கறத தேடி போங்க, இந்த பொழுதுபோக்கோட மொத்த விஷயமும் அங்கதான் இருக்கு.

பேரெல்லாம் கொஞ்சம் சொல்லிடறேன், இல்லன்னா கொழம்பிடும். 10 டாலர் காசுக்கு ஈகிள்னு பேரு, 5 டாலர் ஹாஃப் ஈகிள், இரண்டரை டாலர் குவார்ட்டர் ஈகிள், 20 டாலர் டபுள் ஈகிள். இதுபோக 1 டாலர், 3 டாலர்னு ரெண்டு சின்னது, ரெண்டும் 1889ல நின்னு போச்சு. நம்ம ஆளுங்களுக்கு சுலபமா புரியணும்னா ஹாஃப் ஈகிள நம்ம சவரனோட வச்சு பாருங்க: சவரன் 7.98 கிராம் 22 கேரட், ஹாஃப் ஈகிள் 8.36 கிராம் ஆனா 21.6 கேரட், அதாவது நூத்துக்கு தொண்ணூறு தங்கம். சுத்த தங்கம் கணக்கு போட்டா ஹாஃப் ஈகிள்ல ஒரு இருபது சென்டிகிராம் கூடவே இருக்கும். டபுள் ஈகிள் 33.4 கிராம், கைல வச்சா ஒரு கனம் தெரியும் பாருங்க, அது வேற அனுபவம்.

இப்ப உருக்கின கதைக்கு வரேன். முதல் உருக்கல் 1834க்கு முன்னாடி. அமெரிக்க சட்டம் ஒரு பங்கு தங்கத்துக்கு 15 பங்கு வெள்ளின்னு வச்சிருந்தது, ஐரோப்பாவுல தங்கத்துக்கு அத விட மதிப்பு அதிகம். அப்ப என்ன ஆகும், 5 டாலர்னு அச்சடிச்ச காசுக்குள்ள 5 டாலருக்கு மேல தங்கம் இருக்கு, எந்த வியாபாரி அத கொடுத்து சரக்கு வாங்குவான், மூட்டை கட்டி கப்பல்ல ஏத்தி அங்க போய் உருக்கிட்டான். 1820கள்ல அடிச்ச ஹாஃப் ஈகிள் கிட்டத்தட்ட எல்லாமே இப்படித்தான் போச்சு, அதனாலதான் அந்த பத்து வருஷ காசுல எத தொட்டாலும் விலை கண்ண கட்டுது. 1834ல காங்கிரஸ் காசோட எடைய கொறச்சுது, புது காசு வேறன்னு அடையாளம் தெரியறதுக்காக தலைய மாத்தி, பின்னாடி இருந்த லத்தீன் வாசகத்தையும் எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் தங்கக்காசு நெஜமாவே ஜனங்க கைல புழங்க ஆரம்பிச்சது.

அடுத்தது உள்நாட்டு போர். 1861 டிசம்பர் கடைசில கிழக்குப் பக்க பேங்க் எல்லாம் நோட்டுக்கு தங்கம் தரமாட்டோம்னு கைய விரிச்சிட்டாங்க, அடுத்த வருஷம் அரசாங்கமே தங்கத்துக்கு மாத்த முடியாத பச்சை நோட்டு விட்டுச்சு, தங்கம் பொட்டிக்குள்ள போயிடுச்சு. திரும்ப நோட்டுக்கு தங்கம் ஈடா கெடச்சது 1879 ஜனவரி 1ல இருந்துதான். நடுவுல இந்த 17 வருஷம் ஃபிலடெல்ஃபியால சின்ன தங்கக்காசு அடிச்சா வாங்க ஆளே இல்ல, அதனாலதான் 1875ல 200. அதே சமயம் கலிஃபோர்னியாக்காரன் நோட்ட மதிக்கவே இல்ல, அங்க சம்பளம், சாப்பாடு எல்லாம் தங்கத்துலதான், அதனால சான் ஃபிரான்சிஸ்கோ மின்ட் ஓயாம அடிச்சது. ஆனா அந்த காசு எல்லாம் கை மாறி மாறி தேஞ்சு போச்சு, அதனால எண்ணிக்கை நெறைய இருந்தும் புதுசு மாதிரி ஒன்னு கெடைக்கறது கஷ்டம். ரேர்ங்கறதுலயே இப்படி ரெண்டு ரகம் இருக்கு பாருங்க, காசே இல்லாதது ஒன்னு, நல்ல நெலமைல இல்லாதது ஒன்னு. கடைக்காரர் "ரேர்"னு சொன்னா எந்த ரேருன்னு கேளுங்க, பாதி பேர் முழிப்பாங்க.

எனக்கு புடிச்சது தெக்குப் பக்க மின்ட்டுங்க. நார்த் கரோலினாவுல 1799ல ஒரு 12 வயசு பையன் ஓடைல 17 பவுண்டு தங்கக்கட்டி ஒன்ன கண்டெடுத்தான், என்னன்னே தெரியாம வீட்ல மூணு வருஷம் கதவு சாத்தாம இருக்க முட்டு கொடுத்து வச்சிருந்தாங்க, அப்பறம் அவங்கப்பா ஒரு நகைக்காரர்கிட்ட மூணரை டாலருக்கு வித்தார். அங்க ஆரம்பிச்ச தங்க வேட்டை ஜார்ஜியா வரைக்கும் பரவி, 1838ல ஷார்லட், டாலோனெகான்னு ரெண்டு சின்ன ஊர்ல அரசாங்கம் மின்ட் தொறந்துச்சு, ரெண்டும் தங்கத்த தவிர வேற எதுவும் அடிக்கல, ரெண்டுமே 1861ல போரோட முடிஞ்சு போச்சு. காசுல சின்னதா சி, டி எழுத்து இருக்கும். டி பாத்ததும் டென்வர்னு நெனச்சிடாதீங்க, டென்வர் 1906லதான் காசு அடிக்க ஆரம்பிச்சது, 19ஆம் நூற்றாண்டு தங்கத்துல டின்னா டாலோனெகாதான்.

அந்த டாலோனெகா காசுல ஒன்ன லென்ஸ் வச்சு பாக்கணும் நீங்க. 1861 டி, 1 டாலர். சட்டைல சின்ன பொத்தான் அளவுதான் இருக்கும். உள்நாட்டு போர்ல தனியா பிரிஞ்ச தெக்கத்திக்காரங்க மின்ட்ட புடிச்சதுக்கு அப்பறம் அங்க கெடந்த அச்ச வச்சு அவங்களே அடிச்சது இது, எத்தனை அடிச்சாங்கன்னு கணக்கே எழுதல. காச சுத்தி "யுனைட்டட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா"ன்னு எழுதியிருக்கும், அதுல யுனைட்டட்ங்கற வார்த்தையோட முதல் எழுத்து சரியா விழாம மங்கலா நிக்கும். ஒன்னா இருக்க மாட்டோம்னு பிரிஞ்சு போனவங்க அடிச்ச காசுல அந்த எழுத்தே விழலைன்னு காசு சேக்கறவங்க வட்டாரத்துல கிண்டல் பண்ணுவாங்க. உண்மைல அது அச்சோட குறைதான், முந்தின வருஷ காசுலயும் அப்படித்தான் இருக்கும். ஆனா கள்ளக்காசுக்காரன் பல சமயம் அந்த எழுத்த அழகா முழுசா போட்டு மாட்டிக்குவான்.

இதே மாதிரி இன்னொன்னு 1848 குவார்ட்டர் ஈகிள். கலிஃபோர்னியாவுல 1848 ஜனவரில தங்கம் கெடச்சதும் அங்க இருந்த ராணுவ கவர்னர் மேசன் கிட்டத்தட்ட 230 அவுன்ஸ் தங்கத்த வாஷிங்டனுக்கு அனுப்பி வச்சார், அதுல அடிச்ச 1,389 காசுக்கு மட்டும் கழுகு தலைக்கு மேல சி, ஏ, எல்னு (கலிஃபோர்னியாவோட சுருக்கம்) மூணு எழுத்து குத்தினாங்க. காசு அச்சுக்குள்ள இருக்கும்போதே குத்தினதால மறுபக்கம் இருக்கற லிபர்ட்டி முகம் நசுங்காது. போலிக்காரன் சாதா 1848 காச வாங்கி மேஜை மேல வச்சு குத்துவான், அப்ப முகத்துல அதே எடத்துல சப்பையா இருக்கும். காச திருப்பி வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தாலே போதும். நான் ஒரு தடவ ஒரு ஏலத்துக்கு முன்னாடி அசல கைல வாங்கி பாத்திருக்கேன், ரெண்டு நிமிஷம்தான் குடுத்தாங்க, திருப்பி திருப்பி அந்த கன்னத்தையேதான் பாத்துட்டு இருந்தேன், வாங்கற வசதியெல்லாம் நமக்கு ஏது.

அடுத்த உருக்கல்தான் பெருசு. 1933 ஏப்ரல் 5, அதிபர் ரூஸ்வெல்ட் உத்தரவு, ஜனங்க தங்கத்த எல்லாம் பேங்க்ல ஒப்படைக்கணும், அவுன்சுக்கு 20.67 டாலர் தருவோம்னு. அடுத்த வருஷம் அரசாங்கமே விலைய 35 ஆக்கிடுச்சு, கொடுத்தவன் வயித்தெரிச்சல் சொல்லி மாளாது. வந்த காசு மலை மலையா உருகி கட்டியாச்சு. ஆனா அந்த உத்தரவுலயே ஒரு சந்து இருந்துச்சு, அரிய காசு சேக்கறவங்களுக்கு தனி மதிப்பு உள்ள காசுக்கு விலக்கு உண்டு. அந்த சந்துல நொழஞ்சவர்தான் பால்டிமோர்ல இருந்த எலியாஸ்பெர்க்னு ஒரு நிதித்தொழில் ஆள், தங்கத்து மேல நம்பிக்கை உள்ளவர், சட்டப்படி தங்கம் வச்சுக்க காசு சேக்கறதுதான் வழின்னு பெருசா எறங்கினார்னு சொல்வாங்க. 1950ல அமெரிக்கா அடிச்சதுல தெரிஞ்ச எல்லா வருஷமும் எல்லா மின்ட்டும் அவர்கிட்ட வந்து சேந்துடுச்சு, அந்த 1822ம் அவர்கிட்ட இருந்ததுதான். சாதாரண ஜனங்க திரும்ப தங்கம் வச்சுக்கலாம்னு ஆனது 1974 டிசம்பர் 31லதான்.

வெளிநாட்டு பேங்க்ல இருந்த காசுக்கு ரூஸ்வெல்ட் சட்டம் செல்லாதுல்ல, அதனால வியாபாரத்துல வெளிய போன டபுள் ஈகிள் எல்லாம் ஐரோப்பா பேங்க் பெட்டகத்துல நிம்மதியா தூங்கிட்டு பின்னாடி கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வந்துச்சு. அதனாலதான் 1877க்கு அப்பறம் வந்த டபுள் ஈகிள் பல வருஷத்துது இன்னைக்கும் தாராளமா கெடைக்குது.

திரும்பி வர்றதுன்னதும் ஒரு எச்சரிக்கை. இன்னைக்கு ரேர்னு வாங்கறது நாளைக்கு ரேரா இருக்கும்னு எவனும் எழுதி தரமுடியாது. 1857 சான் ஃபிரான்சிஸ்கோ டபுள் ஈகிள் புது நெலமைல ரொம்ப அபூர்வமா இருந்துச்சு. அந்த வருஷம் செப்டம்பர்ல சென்ட்ரல் அமெரிக்கான்னு ஒரு கப்பல் கலிஃபோர்னியா தங்கத்தோட நியூயார்க் வர்ற வழில புயல்ல மாட்டி கரோலினா கடல்ல முழுகிடுச்சு, 400 பேருக்கு மேல செத்தாங்க. 1988ல அத கண்டுபுடிச்சு எடுத்தா, உள்ள அந்த ஒரே ரகம் மட்டும் 5,000க்கு மேல, 130 வருஷம் தண்ணிக்குள்ள கெடந்தும் நேத்து அடிச்ச மாதிரி. இப்ப புதுசு மாதிரி ஒரு பழைய டபுள் ஈகிள் வேணும்னா எல்லாரும் கை காட்டறதே அததான். 2013ல கலிஃபோர்னியாவுல நாய கூட்டிட்டு நடக்கப்போன ஒரு தம்பதி மண்ணுல துருப்புடிச்ச டப்பா ஒன்னு துருத்திட்டு இருந்தத பாத்து தோண்ட, எட்டு டப்பா, 1,427 தங்கக்காசு. மின்ட்ல திருடினதுன்னு ஒரு புரளி கெளம்புச்சு, மின்ட்காரங்களே அதுக்கு ஆதாரம் இல்லன்னுட்டாங்க. யார் பொதச்சாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

எதிர்ப்பக்கமும் நடக்கும். 1854ல சான் ஃபிரான்சிஸ்கோ மின்ட் தொறந்த வருஷம் ஹாஃப் ஈகிள் 268தான் அடிச்சாங்க. 2018 வரைக்கும் தெரிஞ்சது மூணு. நியூ இங்கிலாந்து பக்கம் ஒருத்தர்கிட்ட ஒன்னு இருந்துச்சு, காட்டின வியாபாரிங்க எல்லாம் போலின்னுட்டாங்க, கடைசில 2018ல காச சோதிச்சு தரம் போடற என்ஜிசி கம்பெனிக்கு அனுப்பினார், அவங்க ஸ்மித்சோனியன் காசோட படத்த வச்சு ஒப்பிட்டு அசல்னு சொன்னாங்க, அதே வருஷம் 21 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு போச்சு. 1870 சான் ஃபிரான்சிஸ்கோ 3 டாலர் இன்னும் மேல, வெளிய இருக்கறதே ஒன்னுதான், இன்னொன்னு அந்த மின்ட் கட்டடத்தோட அஸ்திவாரக் கல்லுக்குள்ள வச்சதா சொல்றாங்க. வெளிய இருக்கறது 2023ல 55 லட்சத்து 20 ஆயிரம் டாலர்.

இதெல்லாம் கேக்க நல்லாருக்கும், நம்ம கை எட்டற சமாசாரத்துக்கு வரேன். நான் மொத மொதல்ல வாங்கின ஹாஃப் ஈகிள் ஒரு காசு கண்காட்சில, கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு, விலையும் கொறச்சல், வியாபாரி பேரு வேண்டாம். வீட்டுக்கு வந்து லென்ஸ்ல விளிம்ப சுத்தி பாத்தா பல்லு பல்லா இருக்கணும்ல, சரியா தலைக்கு மேல ஒரு அரிசி அகலத்துக்கு பல்லே இல்ல, வழவழன்னு இருந்துச்சு, அந்த எடத்துல தங்கம் கொஞ்சம் வேற மஞ்சள். நம்ம ஊர்ல காசுமாலைக்கு வளையம் பத்தவைப்பாங்கல்ல, அதேதான், எந்த அமெரிக்கப் பாட்டியோ கழுத்துல போட்டிருந்தது, வளையத்த எடுத்துட்டு பொடி வச்ச எடத்த அரத்தால ராவி, தடம் தெரியாம இருக்க முழுசா பாலிஷ் போட்டுட்டாங்க. பாதி விலைக்குத்தான் வித்தேன். பளபளப்பு பாத்து வாங்கவே வாங்காதீங்க. புழங்கின தங்கக்காசு கொஞ்சம் மந்தமா, எழுத்து இடுக்குல லேசா அழுக்கு, செவப்பு ஓட்டத்தோட இருக்கணும், அதுதான் அழகு. நீங்களா தேச்சு கழுவற வேலையும் வேண்டாம், துணியால துடைக்கக்கூட கூடாது, ஓரத்த புடிச்சு தூக்குங்க.

ஆரம்பத்துல பிசிஜிஎஸ் இல்லன்னா என்ஜிசின்னு தரம் போடற ரெண்டு கம்பெனில ஒன்னு பிளாஸ்டிக் பெட்டில போட்டு சீல் பண்ணினத மட்டும் வாங்குங்க. 1லிருந்து 70 வரைக்கும் நம்பர் கொடுப்பாங்க, 60லிருந்து மேல புழங்காதது. நம்பர் இல்லாம "டீட்டெய்ல்ஸ்"னு எழுதியிருந்தா எங்கயோ கை வச்சிருக்காங்கன்னு அர்த்தம். பெட்டியையே போலியா பண்றாங்க இப்ப, அதனால சர்டிபிகேட் நம்பர அவங்க சைட்ல போட்டு அங்க இருக்கற படத்தோட கைல இருக்கற காச ஒவ்வொரு கீறலா ஒப்பிட்டு பாருங்க. பெட்டி மேல சிஏசின்னு இன்னொரு சோதனைக் கம்பெனியோட பச்சை ஸ்டிக்கர் இருந்தா இன்னொரு ஜோடி கண்ணு பாத்து ஒத்துக்கிட்டிருக்குன்னு எடுத்துக்கலாம், ஆனா ஸ்டிக்கருக்கும் சேத்து விலை வைப்பாங்க. பெரிய காசுல கன்னத்துல, வெறும் எடத்துல சின்ன சின்ன வெட்டு இருக்கறத பாத்து பயப்படாதீங்க, மூட்டைல போட்டு தூக்கினது, ஒன்னோட ஒன்னு இடிச்சிருக்கும்.

எங்க ஆரம்பிக்கறதுன்னா, வருஷ வரிசையா முழுசா சேக்கறேன்னு மட்டும் கெளம்பாதீங்க, ஹாஃப் ஈகிள்ல அது எலியாஸ்பெர்க் மாதிரி ஆளுக்குத்தான் முடியும். என்னைய கேட்டா தேஞ்ச டாலோனெகா காசு ஒன்னே ஒன்னு வாங்குங்க, அசலா, கழுவாததா, சிலதுல வெள்ளி கலந்து லேசா பச்சை ஓடின மஞ்சளா இருக்கும், அந்த நெறம் ஒரு தடவ கண்ணுல பதிஞ்சா போலி தானா கண்ணுக்கு தெரியும். பளபளப்பான பத்து சாதா காச விட அந்த ஒன்னு நெறைய கத்துக்குடுக்கும். 4 டாலர் ஸ்டெல்லா பக்கம் போகாதீங்க, அது சோதனைக்கு அடிச்சது, கடைக்கு போய் சாமான் வாங்கின காசு இல்ல, எனக்கு அதுமேல மரியாதையும் இல்ல, நெறையவே கழுத்துல தொங்கினது வேற.

கடைசியா அந்த 1881. ஃபிலடெல்ஃபியாவா இருந்தா தங்க விலைக்கு மேல கொஞ்சம் குடுக்கலாம், ரேர்ங்கற பேச்சுக்கு ஒரு டாலர் கூட வேண்டாம். ஆனா பணம் எண்றதுக்கு முன்னாடி காச திருப்பி கழுகுக்கு கீழ பாருங்க. எழுத்து எதுவும் இல்லன்னா ஃபிலடெல்ஃபியா. எஸ் இருந்தா சான் ஃபிரான்சிஸ்கோ, அதுவும் லட்சக்கணக்குல அடிச்சது. ரெண்டு சி பக்கத்துல பக்கத்துல இருந்தா அது நெவாடாவுல கார்சன் சிட்டி, அந்த வருஷம் 13,886தான் அடிச்சாங்க, பெரும்பாலும் தேஞ்சு உருகி போச்சு. அப்படி இருந்துட்டா முகத்துல எதையும் காட்டிக்காதீங்க, லென்ஸ வாங்கி அந்த ரெண்டு எழுத்தோட அடிய மட்டும் பாருங்க, ஒட்டினதா இருந்தா எழுத்துக்கும் காசுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு கோடு தெரியும். கோடு இல்லன்னா கேட்ட விலைய குடுத்துட்டு நேரா வீட்டுக்கு வாங்க.